தாராவியில் இல்லாத பேராச்சி

பேராச்சி சுட்ட முறுக்கைத் தாராவியில் ஒருவர் கடித்தால் சத்தம் முலுண்டு ஸ்டேஷனில் கேட்கும். ஒருநாள் அந்தச் சத்தத்தை சிக்னல் என்று நினைத்து ஒரு லோக்கல் ரயிலே நின்றுவிட்டது. நம்பாதவர்கள் முலுண்டில் போய் விசாரித்துக்கொள்ளலாம். அங்கேயும் இதைச் சொன்னவன் நான்தான்.

கல்யாணமான இரண்டாம் மாதம் நாங்குநேரிப் பக்கமிருந்து வந்தவள் அவள். புருஷன் சொரிமுத்துவுக்குத் தோல் கிடங்கில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு இறங்கி நிற்கப் பயப்படாத மனுஷன். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் நாக்கு உள்ளே சுருண்டு வயிற்றுக்குள் போய்விடும். போஸ்ட்மேன் போடுவதும் காக்கிதான் என்பதால் அவருக்கு வந்த கடிதங்களை எல்லாம் இருபது வருஷமாகப் பேராச்சிதான் கைநீட்டி வாங்கினாள்.

முதலில் மாட்டுங்காவில் பாத்திரம் தேய்த்தாள். ஒரு தீபாவளிக்கு அந்த வீட்டு அம்மாள் சுட்ட முறுக்கைப் பார்த்துவிட்டு, "இத தலையில போட்டா கொலைக் கேசு வரும்மா. தள்ளுங்க, நான் சுடுதேன்" என்று உட்கார்ந்தவள்தான். அடுத்த தீபாவளிக்குள் சொந்தக் கடாய் வாங்கிவிட்டாள். அந்தக் கடாயில் ஒரு குடும்பம் குளிக்கலாம், துணியும் துவைக்கலாம். எங்கள் சந்தில் எட்டுப் பெண்கள் அவளிடம் வேலைக்கு உட்கார்ந்தார்கள். எட்டு வீட்டு அடுப்பு அந்த ஒரு கடாயின் சூட்டில் எரிந்தது.

லைசென்ஸ் என்று ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், அது நாய்க்கு வாங்குவது என்றுதான் நினைத்திருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அரிசிக்கு வந்தது கேடு. ரேஷனில் போடுகிற அரிசி காக்காய்க்கு வைத்தால் காக்காய் கோபித்துக்கொண்டு போகும். நகர எல்லைக்கு வெளியே கர்ஜத் பக்கம் அரிசி கிடைத்தது. ஆனால் அதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சட்டம். அதனால் அந்த எட்டுப் பேரில் முருகம்மாளும் பூமாரியும் காலை வண்டியில் தட்டை வயிற்றோடு போவார்கள். சாயங்காலம் எட்டு மாத வயிற்றோடு இறங்குவார்கள். சேலைக்குள் துணிப்பையில் அரிசி. வாரத்துக்கு நாலு பிரசவம். ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் பூமாரியை மறித்து, "போன மாசமும் எட்டு மாசம், இந்த மாசமும் எட்டு மாசமா?" என்று கேட்டார்.

"எல்லாம் ஒங்க வண்டி மாதிரித்தான் சாப். லேட்டு" என்றாள் பூமாரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் பிழைப்பு வண்டியில்தான் நிம்கர் சாகேப் வந்து ஏறினார்.

நிம்கர் சட்டசபை உறுப்பினர். எதிர்க்கட்சி வரிசையில் உட்காருகிறவர். கோட்டு பழசு, குடை பழசு, கொள்கை எல்லாவற்றையும்விடப் பழசு. பெரியவர்கள் நடந்த வழியை மாற்றக் கூடாது, சர்க்கார் எந்தச் சட்டிக்குள்ளும் கையை விடக் கூடாது என்பார். மகாராஷ்டிரம் முன்னேற ஐந்து காரியம் என்று கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடக்குவார். கட்டைவிரல், லைசென்சும் பர்மிட்டும் ஒழிய வேண்டும். ஆள்காட்டி விரல், தானியம் எந்த ஜில்லாவிலிருந்தும் எந்த ஜில்லாவுக்கும் தடையில்லாமல் போக வேண்டும். நடுவிரல், விற்பனை வரி குறைய வேண்டும். மோதிர விரல், மில்லில் ஸ்டிரைக் கூடாது. சுண்டுவிரல், வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் சர்க்கார் கால் வைக்கக் கூடாது. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் ஐந்தையும் மடக்கிவிட்டுத்தான் சோற்றில் கைவைப்பார்.

அவரிடம் டைப்பிஸ்டாக இருந்தவன் மாட்டுங்கா கிட்டு. ஆபீசில் அவன் தினமும் முறுக்கைக் கடிக்கும் சத்தத்தில் சாகேபின் கவனம் கலைந்திருக்கிறது. எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எங்கள் சந்தில் வந்து நின்றார்கள்.

சாகேப் மராத்தியில் கேட்க, கிட்டு தமிழில் கேட்டான். எவ்வளவு அரிசி? எங்கிருந்து வருகிறது? லைசென்ஸ் உண்டா? சர்க்கார் உதவி உண்டா? கோட்டுப் போட்ட பெரிய மனுஷன் இத்தனை கேட்கிறாரே, வீட்டில் கல்யாணம் போல, பெரிய ஆர்டர் வருகிறது என்று பேராச்சி கணக்குப் போட்டாள். சந்தில் எல்லோரும் அப்படித்தான் போட்டோம். அதனால் உள்ளதை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். அவள் சொல்லாமல் விட்டதை எட்டுப் பெண்களும் எடுத்துக் கொடுத்தார்கள். பூமாரி எழுந்து நின்று வயிற்றில் அரிசி கட்டும் விதத்தையே நடித்துக் காட்டினாள். சாகேப் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேராச்சியைக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆர்டர் கொடுக்கவில்லை.

ஆடி மாதம் சட்டசபை கூடியது. நிம்கர் எழுந்தார். தாராவியில் பேராச்சி என்று ஒரு பெண், இன்ன சந்து, இன்ன வீடு, பர்மிட் இல்லாமல், சர்க்காரிடம் கையேந்தாமல், தடைபோட்ட அரிசியை வயிற்றில் கட்டிவந்து எட்டுக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறாள், இவளல்லவா இந்த மாநிலத்தின் பொருளாதாரம் என்று பேசினார். மராத்திப் பேப்பரில் அவர் படத்தோடு அப்படியே வந்தது.

எங்கள் சந்தில் மராத்தி படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தோல் கிடங்கு மேஸ்திரி மட்டும் எழுத்துக்கூட்டிப் பார்த்து, "பேராச்சின்னு போட்டுருக்குவே. சாகேப் படமும் இருக்கு" என்றார். அது போதாதா? பேப்பரை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமந்தி மாலை சாத்தி, சந்து முனையில் மாட்டினோம். சனிக்கிழமை ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்து அதை நின்று படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு இரண்டாம் தடவையும் படித்தார். "யார் இந்த பாயி? எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டார். வழி காட்ட எங்களுக்குள் போட்டா போட்டி. பதினோரு பேர் ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விட்டோம்.

அவர் ரேஷன் இன்ஸ்பெக்டர்.

வாசலில் நின்று கடாயைப் பார்த்தார், மூலையில் இருந்த ஒன்றரை மூட்டை மாவைப் பார்த்தார், சட்டசபையில் பேசின விஷயம், மேலே கேட்க வேண்டும் என்று திரும்பிப் போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் சந்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு போலீஸ் ஹவால்தார் வந்து முக்காலி போட்டு உட்கார்ந்தார். சந்தை விட்டு எந்தப் பாத்திரம் போனாலும் மூடியைத் திறந்து பார்த்தார்கள். கக்கூசுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டப்பாவைக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கிட்டு ஓடிவந்தான். முகம் வேகாத இட்லி மாதிரி இருந்தது.

"பேராச்சியம்மா, மந்திரி சவால் விட்டுட்டார். அப்படி ஒரு பொம்மனாட்டி இருக்காளா, அங்க அரிசி இருக்கான்னு நேர்ல பார்த்துட்டு சபையில சொல்றேன்னுட்டார். நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வரார். சாகேபும் வரார். பேப்பர்காராளும் வரா."

"வரட்டும் சாமி. மாவு இருந்தா என்ன செய்வாவ?"

"மாவு, கடாய், முறுக்கு நாழி எல்லாம் ஜப்தி. வீட்டுக்கு சீல். உங்களைக் கோர்ட்டுக்கு அழைச்சுண்டு போவா. மூணு மாசமோ ஆறு மாசமோ உள்ள போட்டுடுவா."

சொரிமுத்து எழுந்து துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

"மாவு இல்லாட்டி?"

"இல்லாட்டி சாகேப் சபையில பொய் சொன்னதா ஆயிடும்." கிட்டு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அதனால அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். மாவை ஒளிச்சு வைக்கப்படாதாம். நீங்க ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தேள்னா இந்த மாநிலமே முழிச்சுக்குமாம். வக்கீல் செலவு அவரோடது. வெளில வரச்சே வாசல்லயே மாலை போடுவாராம்."

"மாலையா?"

"ஆமாம். ரோஜா மாலை."

"அவுக உள்ள போகட்டும். மாலைய நான் போடுதேன்."

சொரிமுத்துதான் வாயைத் திறந்தார். "ஏளா, கடாயத் தூக்கி உப்பங்கழியில எறிஞ்சிருவோம். மாவையும் கொட்டிருவோம். நாம ஊருக்குப் போயிருவோம்."

"ஹவால்தார் மடியிலயா கொண்டு கொட்டப் போறீய? கடாய் தெருவுல போனா யானை போன மாதிரில்லா தெரியும்? இந்த எட்டுப் பேரையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போவீயளா?"

பேராச்சி பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவள் மாவு மூட்டையைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டருக்கு அந்த மாவு வேண்டும். மந்திரியை ஜெயிக்க நிம்கருக்கும் அந்த மாவு வேண்டும். அது அங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

"ஏட்டி பூமாரி, நாளைக்கு என்ன கெழம?"

"செவ்வா."

"ஆடிச் செவ்வால்லா?" என்றாள் பேராச்சி. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். ஒவ்வொரு வீட்டிலும் பெண்களிடம் மட்டும் காதில் பேசினாள். நாங்கள் கேட்டதற்கு, "ஒமக்கு என்னவே பொம்பளைய பேச்சுல சோலி?" என்று பதில் வந்தது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அவ்வையார் நோன்பு தெரியும். ஆடிச் செவ்வாயில் பெண்கள் மட்டும் கூடிச் செய்வது. அரிசிமாவில் உப்பே போடாமல் கொழுக்கட்டை அவிப்பார்கள். என்ன உருவத்தில் பிடிக்கிறார்கள், என்ன கதை சொல்கிறார்கள் என்று ஆண்பிள்ளை ஒருவனுக்கும் தெரியாது. தொட்டில் குழந்தை ஆண் என்றால் அதைக்கூட வெளியே அனுப்பிவிடுவார்கள். ஊரில் இதை ஆண்கள் தூங்கிய பிறகு செய்வார்கள். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எங்களை எங்கே தூங்கவைப்பது? அதனால் இங்கே பகலிலேயே நோன்பு. நாங்கள் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

செவ்வாய் காலையில் மழை பிடித்துக்கொண்டது. பேராச்சியையும் சேர்த்து இருபத்தாறு பெண்கள் ஈரத் தலையோடு, மூடிய பாத்திரத்தோடு, அவள் வீட்டுக்குள் போனார்கள். அந்த வீட்டில் இருபத்தாறு பேர் உட்கார வேண்டுமானால் பாதிப் பேர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. பூமாரி மட்டும் உள்ளே போகாமல் வாசலில் விளக்குமாற்றோடு நின்றாள். நாங்கள் ஆண்கள் எதிரே தகரக் கூரைக்குக் கீழே ஒண்டினோம். அன்றைக்குச் சந்தில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர், நிம்கர், கிட்டு, இரண்டு பேப்பர்காரர்கள்.

"கதவைத் திற" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மரத் லோக் நை. பூஜா ஹை. தேகா தோ ஆங்க் கயா" என்றாள் பூமாரி. ஆண்கள் பார்த்தால் கண் போய்விடும் என்று அவள் இந்தியில் அவருக்குச் சாபம் கொடுக்கிறாள் என்பது எங்களுக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது.

"சரியாக இன்றைக்குத்தான் பூஜையா? தள்ளு. ஹவால்தார், கதவை உடை."

ஹவால்தார் லத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற சொரிமுத்து காக்கியைக் கண்டு என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

அப்போது நிம்கர் சாகேபைப் பார்க்க வேண்டுமே. கிட்டு அவர் காதில், "மாவு உள்ளதான் இருக்கும் சார். கதவு திறந்தா நாம ஜெயிச்சுட்டோம்" என்றான். தெரியும் என்று தலையாட்டினார். அவர் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் மடங்கியது, விரிந்தது. பிறகு சுண்டுவிரல் மடங்கியது. தானியம் தடையில்லாமல் போக வேண்டும் என்றால் அந்தக் கதவு திறக்க வேண்டும். வீட்டுக்குள் சர்க்கார் கால் வைக்கக் கூடாது என்றால் திறக்கக் கூடாது. ஐந்து விரலில் இரண்டு ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. மழை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

ஹவால்தார் கதவில் கைவைத்த நேரத்தில் சாகேப் போய்க் குறுக்கே நின்றார். குடையை மடக்கி, கதவுச் சட்டத்தில் இரண்டு பக்கமும் முட்டும்படி குறுக்கே பிடித்தார்.

"பெண்கள் பூஜைக்குள் எந்த ஆணும் போக மாட்டான். நான் உயிரோடு இருக்கும்வரை இல்லை."

"உங்கள் பேச்சு நிஜம் என்று காட்டத்தானே சாகேப் நான் வந்தேன்?"

"தெரியும்" என்றார் நிம்கர்.

இன்ஸ்பெக்டர் சாமர்த்தியக்காரர். ஆண்தானே கூடாது என்று ஜீப்பைத் திருப்பி ஆபீசுக்கு அனுப்பினார். முக்கால் மணி நேரத்தில் அது நஜ்முன்னிசாவைக் கொண்டுவந்து இறக்கியது. ரேஷன் ஆபீசில் கார்டு பார்க்கிற குமாஸ்தா அவள். செத்துப்போன மாமியார் பெயர் கார்டில் இருந்தால் வாசனையிலேயே கண்டுபிடித்து அடித்துவிடுவாள். தாராவியில் எமனுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. நஜ்முன்னிசாவுக்குப் பயப்படாதவர்கள் இல்லை.

பூமாரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். தடுக்க வழியில்லை. கதவு ஒரு சாண் திறந்தது, அவளை விழுங்கியது, மூடியது.

"போச்சு" என்றார் சொரிமுத்து. "எம் பொண்டாட்டிக்கு ரோஜா மாலை வரப் போவுது."

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். பேப்பர்காரர்கள் அரை மணி நின்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டரும் நிம்கரும் அந்த ஒரு குடைக்குக் கீழே ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். சாகேபுக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒவ்வொரு தும்மலுக்கும் குடை இரண்டு அடி மேலே போய்வந்தது. உள்ளிருந்து முணுமுணுப்பு கேட்டது. யாரோ கதை சொல்வது மாதிரி. பிறகு நஜ்முன்னிசாவின் குரல் உயர்ந்தது. பிறகு பேராச்சியின் குரல். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாத நேரத்தில் சொரிமுத்துவுக்குத் தலைமயிர் நரைத்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். திடீரென்று இருபத்தேழு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். மறுபடி அமைதி.

கதவு திறந்தது. நஜ்முன்னிசா எதையோ மென்றுகொண்டே வெளியே வந்தாள்.

"அரிசி மாவு இருக்கிறதா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கிறது."

சொரிமுத்து என் தோளைப் பிடித்தார். விட்டிருந்தால் சாக்கடையில் விழுந்திருப்பார். நிம்கர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"எவ்வளவு?"

"இருபத்தாறு பெண்கள். இருபத்தாறு கார்டு. ஒவ்வொருத்தி முன்னாலும் அவள் கார்டுக்கு உரிய மாவு. ஒவ்வொரு கார்டாகப் பார்த்தேன். ஒரு பிடி கூடுதல் இல்லை."

"அந்தப் பெரிய கடாய்?"

"இத்தனை பேருக்கு அவிக்க வேண்டாமா?"

"முறுக்கு?"

"முறுக்கா? உள்ளே உப்பே இல்லை."

நிம்கர் மெதுவாகக் கேட்டார். "பாயி, நீங்கள் மெல்லுவது என்ன?"

"அதை ஆண்பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

முதல் நாளே மாவை இருபத்தாறாகப் பிரித்து வீட்டுக்கு வீடு கொடுத்து, கார்டோடு வாருங்கள் என்று பேராச்சி சொன்னது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஆனால் அந்த மாதம் வாங்கித் தின்றுவிட்ட ரேஷனுக்குக் கார்டில் முத்திரை விழுந்திருக்குமே, கார்டிலேயே பிறந்து வளர்ந்த நஜ்முன்னிசாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? உள்ளே அவளிடம் என்ன பேசினார்கள்? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. என் பெண்டாட்டியும் உள்ளேதான் இருந்தாள். பத்து வருஷமாகக் கேட்கிறேன். "கண்ணு போயிரும்" என்கிறாள்.

நோன்புக்கு வைத்த மாவு வெளியே போகக் கூடாது, விற்கக் கூடாது, ஆண் தின்னக் கூடாது. ஒன்றரை மூட்டை மாவையும் அவித்து அந்த இருபத்தாறு பேரே தின்று தீர்த்தார்கள். மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் முருகம்மாள் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கடாய் பிழைத்தது. ஆனால் பேராச்சி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஹவால்தார்கள் போய்விட்டாலும் எந்த நேரம் ஜீப் வருமோ என்று பயம். எட்டுப் பெண்களும் காலையில் வழக்கம்போல வந்து கடாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டுச் சும்மா எழுந்து போனார்கள். எட்டு வீட்டிலும் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்தது. பத்தாம் நாள் கிட்டு வந்தான்.

"மந்திரி சபையில பதில் சொல்லிட்டார் பேராச்சியம்மா. தாராவியில அப்படி ஒரு முறுக்குத் தொழிலும் இல்லை, அதை நடத்தற பொம்மனாட்டியும் இல்லை, எல்லாம் நிம்கரோட கற்பனைன்னு."

"சாகேப் என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லலை. எழுந்து நின்னார். எல்லாரும் சிரிச்சா. உட்கார்ந்துட்டார். பேசினா உங்க பூஜை பொய்னு சொன்ன மாதிரி ஆயிடும்னு என்கிட்ட சொன்னார். மழையில நனைஞ்ச ஜுரம் இன்னும் விடலை."

பேராச்சி கொஞ்சம் தலைகுனிந்தாள். "பாவம். நல்ல மனுசன்தான்."

"இன்னொண்ணு. இனிமே இந்தச் சந்துப் பக்கம் இன்ஸ்பெக்டர் வரமாட்டார். வந்து பிடிச்சா, மந்திரி சபையில சொன்னது பொய்னு ஆயிடுமோன்னோ? சர்க்காரைப் பொறுத்தவரைக்கும் நீங்க இல்லை."

"இல்லன்னா? செத்துட்டனா?"

"இல்லை, பிறக்கவே இல்லை."

"அப்ப நேத்து குழாயடியில ரெண்டு கொடம் தண்ணிக்கு முருகம்மா முடியப் புடிச்சு இழுத்தது யாரு சாமி?"

எட்டுப் பெண்களும் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை ஒரு விரற்கடை உயர்ந்து இறங்கியது. கிட்டு சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான்.

"சாகேப் உங்ககிட்ட ஒண்ணு கேட்டுண்டு வரச் சொன்னார். அடுத்த கூட்டத்தொடர்ல மறுபடியும் அரிசிக் கட்டுப்பாடு பத்திப் பேசப் போறார். பேர் சொல்லாம, தெரு சொல்லாம, உங்களை உதாரணமா வெச்சுக்கலாமான்னு."

பேராச்சி விறகை எடுத்து அடுப்பில் அடுக்கிக்கொண்டே யோசித்தாள்.

"வச்சுக்கிடட்டும். ஆனா நான் குசராத்துல இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க."

"அது அவரோட மாநிலம் இல்லையே பேராச்சியம்மா."

"அதான் சாமி சொல்லுதேன்" என்று தீக்குச்சியைக் கிழித்தாள்.